கிரீன் மேல் கரண்டி

செபராங் ஜெயாவில் நான் முட்டி வலிக்குப் போகிற கிளினிக்கில் போன வாரம் ஒரு சண்டை. அந்த மாதிரி இடம் எப்படி இருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் தைலம் மணக்க உட்கார்ந்திருப்போம். மீதிப் பேர் நம்பர் கூப்பிட்டது காதில் விழாமல் உட்கார்ந்திருப்போம். சுவரில் ஒரு தொலைக்காட்சி, அதில் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் கிரீன் மேல் நின்றுகொண்டு, பந்தை உருட்டுகிற கட்டையை விட்டுவிட்டு வெட்ஜை எடுத்தான்.

என் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆட்கள் இரண்டு பேர். பிடித்துக்கொண்டார்கள்.

"கிரீன்ல வெட்ஜ் வைக்கக் கூடாது லா. புல்லு பிச்சிக்கும்."

"ரூல்ஸ்ல எங்க இருக்கு? காட்டு."

"ரூல்ஸ் என்னா ரூல்ஸ், மரியாதை ஒன்னு இருக்கில்ல?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வைக்கலாம்ணே," என்றேன். "ரூல்ஸ்ல தடை இல்ல. கிளப்புக்காரங்க அவங்க இடத்துல வேணாம்னு சொன்னா அது வேற."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் கீரைக்கட்டு, காலில் முட்டிக்கு மாட்டுகிற உறை. இந்தக் கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்கள். "அக்கா, நீங்க கோல்ஃப் ஆடுவீங்களா?" என்றார் ஒருவர், கேலியும் மரியாதையும் பாதிப் பாதியாக.

"எங்கண்ணன் ஆடுனான்," என்றேன். அதற்குள் என் நம்பர் வந்துவிட்டது.

சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்தும் நெஞ்சு அடங்கவில்லை. நான் தொடக்கப் பள்ளியில் படித்த காலத்தில் இதே கேள்வியை ஒருவர் என் அப்பாவிடம் கேட்டார். அப்பா இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். அந்த இரண்டு வார்த்தை எங்கள் வீட்டை என்ன செய்தது என்று உங்களிடம்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே "ஓ" என்கிறார்கள்.

உங்களில் பாதிப் பேருக்குக் கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் வெயிலில் நடப்பதற்கு வைத்த பேர். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய திடல், தூரத்தில் ஒரு குழி. குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல். அதுதான் கிரீன். பந்து அங்கே வந்து சேர்ந்ததும் தட்டை மூஞ்சிக் கட்டை ஒன்றால் மெல்ல உருட்டிக் குழியில் விடுவார்கள். வெட்ஜ் அப்படி இல்லை. அதன் இரும்பு மூஞ்சி மல்லாந்திருக்கும். மணலிலோ நீளப் புல்லிலோ மாட்டிய பந்தைத் தூக்கி எறிய அது. எங்கள் வரிசை வீடுகளில் அதைக் கரண்டி என்போம். கிரீன் மேல் கரண்டி பட்டால் புல்லைத் தோண்டி எடுத்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். வெட்ஜ் என்றால் தமிழில் ஆப்பு என்று பிற்பாடு என் மகன் சொன்னான். வெள்ளைக்காரன் சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறான் என்றேன்.

கடலுக்கு அந்தக் கரையில், ஜார்ஜ்டவுனில் மலைப்பக்கம் ஒரு கிளப். பேர் வேண்டாம். இன்றைக்கு அங்கே போய் நின்றால் எனக்கே இடம் தெரியாது. எங்கள் வீடுகள் இருந்த இடத்தில் மாடி மேல் மாடியாகக் கட்டிவிட்டார்கள். அப்போது கிளப்புக்குப் பின்னால் வேலையாட்களுக்கு ஒரு வரிசை வீடு, தகரக் கூரை, பொதுக் குழாய். அப்பாவுக்குக் கிரீன் வேலை. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, பூச்சி பார்ப்பது. காலையில் நீள மூங்கில் கழியைக் கிரீன் மேல் வீசி வீசிப் பனியைத் தட்டுவார். ஈரத்தோடு விட்டால் புல்லுக்கு நோய் வருமாம். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். பனி போன இடம் கரும்பச்சை, போகாத இடம் வெள்ளை. அதைப் பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பல் தேய்க்கச் சோம்பல்.

செருப்புக் காலோடு அப்பா கிரீன் மேல் ஏறி நான் பார்த்ததே இல்லை. எங்களையும் ஏற விடமாட்டார். அம்மா கிண்டல் செய்வாள். "சாமி ரூமுக்குள்ள கூட உங்கப்பா காலைத் தொடைச்சிட்டு வர மாட்டாரு. அங்க போனா மட்டும் பக்தி பொத்துக்கிட்டு வந்துரும்."

என் வேலை பந்து பொறுக்குவது. லொங்காங்கில் வந்து கிடக்கும். இந்த ஊரில் சாக்கடைக்கு நமக்கு வேறு பேர் வாயில் வருமா என்ன? நல்ல பந்தை அண்ணன் எடுத்துக்கொள்வான். வெட்டுப்பட்ட பந்து எனக்கு. அம்மா பார்க்காத நேரத்தில் அரிவாள்மனையில் வைத்துப் பிளப்பேன். வெள்ளைத் தோலுக்குள்ளே சன்ன ரப்பர் நூல், இறுக்கிச் சுற்றியது. ஒரு முனையை அறுத்துவிட்டால் பந்து உள்ளங்கையில் துடித்துத் துடித்துத் தானே அவிழும். புகை படிந்த ரப்பர் வாசம் வரும். அப்பா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்த நூலை மோந்துவிட்டு, "எங்கப்பா சட்டை வாசம்," என்பார். இப்போது வருகிற பந்தில் நூல் கிடையாதாம், கெட்டியாக வார்த்துவிடுகிறார்களாம். அப்படிப்பட்ட பந்தைப் பிளந்து என்ன பிரயோசனம்?

அண்ணன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். பள்ளிப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு, கிளப்பில் ஆட வருகிறவர்களுக்குப் பை தூக்கினான். அந்த வேலைக்குக் கேடி என்று பேர். அத்தை ஒரு தடவை வந்தபோது, "பையன் என்னா செய்றான்?" என்று கேட்க, அம்மா பெருமையாக, "கேடியா இருக்கான்," என்று சொல்லி, அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டதை நினைத்து இன்றைக்கும் நான் தனியாகச் சிரிப்பேன்.

கிளப்புப் பெரிய மனிதர்களைத் துவான் என்போம். ஒரு நாள் ஆட வந்த துவான் ஒருவர், பந்து மணலிலிருந்து வெளியே வராத கோபத்தில், வெட்ஜைக் குளத்தில் வீசிவிட்டார். அண்ணன் குதித்து எடுத்துக்கொண்டு போய் நீட்டினான். "நீயே வச்சிக்க. அது மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்று விட்டார். அண்ணனுக்குச் சொந்தமாக இருந்த ஒரே கட்டை அதுதான். மற்றதெல்லாம் இரவல். உருட்டுகிற கட்டையை மட்டும் யாரும் இரவல் கொடுக்கமாட்டார்கள், அதில் அவரவருக்கு ஒரு ராசி. ஆகவே இவன் கிரீன் மேலும் கரண்டியையே வைத்தான்.

அதற்காக அப்பாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சமா? "டேய், கிரீன் மேல கரண்டிய வைக்காதடா! புல்லு பிஞ்சா உன் தோல உரிச்சி அங்க ஒட்டிருவேன்!" என்று திடலின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார். அண்ணன் கேட்கமாட்டான். கிளப்பு மூடியிருக்கிற திங்கட்கிழமைகளில் வேலையாட்கள் ஆடிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். திங்கள் முழுக்க அவன் அந்தக் கரண்டியோடுதான் கிடப்பான். கரண்டியின் கீழ் விளிம்பால் பந்தின் வயிற்றில் தட்டி உருட்டப் பழகினான். பிறகு பந்தைக் கிரீனிலிருந்து சும்மா ஒரு கிள்ளுக் கிள்ளித் தூக்கப் பழகினான். அம்மா இட்லித் தட்டிலிருந்து இட்லியைப் பிய்யாமல் எடுப்பாளே, அந்த மாதிரி. முதலில் புல் பிய்ந்தது. அப்பா போய் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுப் போடுவார். போகப் போகப் பிய்யவில்லை. அப்பாவின் கத்தலும் குறைந்தது. நான் பார்த்திருக்கிறேன், குழாயைக் கையில் பிடித்தபடி தண்ணீர் ஓடுவது தெரியாமல் நின்று இவன் அடிப்பதைப் பார்ப்பார். நான் பார்ப்பது தெரிந்தால் உடனே குனிந்து களை பிடுங்குவார்.

அந்த வருஷம் தைப்பூசத்தை ஒட்டி நல்ல வெயில். மழை கண்ணில் படவில்லை. திடலெல்லாம் காய்ந்து வெளுத்துப் போய்க் கிரீன்கள் மட்டும் பச்சையாக இருந்தன. அப்பா வீட்டுக்குச் சாப்பிடக்கூட வராமல் தண்ணீர் இழுத்தார். அந்தச் சமயத்தில்தான் கிளப்பு கேப்டன் ஒரு அறிவிப்புச் செய்தார். கேப்டன் என்றால் கப்பல்காரர் இல்லை, கிளப்புத் தலைவருக்கு அப்படிப் பேர். நெட்டையான சீனர், நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அறிவிப்பு இதுதான்: வேலையாட்களுக்கும் பை தூக்குகிறவர்களுக்கும் ஒரு போட்டி. ஜெயிக்கிறவனைக் கிளப்பு கோச் தன்னிடம் உதவியாளாகச் சேர்த்துக்கொள்வார். ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் பழகலாம், நாளைக்கு அவனும் கோச் ஆகலாம்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வாழ்க்கையில் அவனுக்கென்று திறந்த ஒரே கதவு அது. அம்மா தண்ணிமலைக் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். அப்பா போட்டிக்கு முந்தின நாள் தன் நல்ல பேன்ட்டை, அதாவது கல்யாணம் காரியத்துக்கு மட்டும் போடுகிறதை, தானே பெட்டி போட்டு மடித்து அண்ணன் பாய் மேல் வைத்திருந்தார். இடுப்பு பெரிது. அண்ணன் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டு போனான்.

நானும் அம்மாவுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் போய்க் கடைசிக் குழிக்குப் பக்கத்தில் மரத்தடியில் நின்றேன். வெயில் தலையைப் பிளந்தது. துவான்கள் குடையடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா கிரீனுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு. ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு வந்து, கடைசியில் அண்ணனும் இன்னொரு பையனும்தான் மிச்சம். அந்தப் பையன் முடித்துவிட்டான். அண்ணன் இந்த ஒரே அடியில் பந்தைக் குழியில் விட்டால் ஜெயிப்பான், இல்லாவிட்டால் அந்தப் பையன்.

அந்தக் கிரீன் முந்திரிக்கொட்டை மாதிரி வளைந்தது. பந்து ஒரு முனையில், குழி மறு முனையில். நடுவில் வளைவுக்குள் நீளப் புல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். நேராக உருட்டினால் அந்தப் புல்லில் மாட்டும். அண்ணன் சுற்றி வந்து பார்த்தான். நெற்றியைத் துடைத்தான். கரண்டியைப் பிடித்தான்.

சத்தமே இல்லை. பந்து எழும்பியது. நீளப் புல்லைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, ஓடி, ஓடி, குழிக்குள் விழுந்தது.

அம்மாடி! அங்கே எழுந்த கூச்சலை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. பை தூக்குகிற பையன்கள் பைகளைத் தட்டிக்கொண்டு ஆடினார்கள். அதற்குள் குடையடியிலிருந்து ஒருவர் எழுந்து, கிரீன் மேல் வெட்ஜா, இந்த வெயில் காலத்தில் கிரீனைக் கிழித்தால் யார் பொறுப்பு, இந்த ஆட்டம் செல்லாது என்றார். இன்னொருவர், விதியில் தடை இல்லை என்றார். ஆளுக்கு ஆள் பேச்சு. கேப்டன் கையை உயர்த்தினார். விதி ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தக் கிரீனை வளர்ப்பவர் இங்கேயே இருக்கிறார், அவர் சொல்வதுதான் தீர்ப்பு என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா அண்ணன் அடித்த இடத்துக்குப் போய் மண்டியிட்டார். புல்லை உள்ளங்கையால் தடவினார். மறுபடி தடவினார். எழுந்தபோது அவர் முகம் எப்படியோ இருந்தது, கண் கலங்கியிருந்தது.

"இனி மாச்சாம் போலே கா?" என்றார் கேப்டன் மலாயில். இப்படிச் செய்யலாமா என்று.

அப்பா தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "தா போலே, துவான். தா போலே!"

கூடாது.

எனக்கு அப்படித்தான் கேட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டது. கேப்டன் அப்பா தோளில் கை போட்டு, பெற்ற மகன் என்றும் பாராமல் நியாயம் சொன்ன மனிதரைப் பாருங்கள் என்றார். கை தட்டத் தொடங்கினார். குடையடியில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள். துவான்கள் எழுந்து நின்று, வெறுங்காலோடு நிற்கிற என் அப்பாவுக்கு! அப்பா தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு நின்றார். சிரித்தார். எனக்கு அழுவதா பெருமைப்படுவதா என்றே விளங்கவில்லை.

அண்ணன் கரண்டியைக் கிரீனுக்கு வெளியே, நீளப் புல்லில், மெதுவாக வைத்துவிட்டுப் போனான். அது என்னவாயிற்று, யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கு வரை தெரியாது.

சாயங்காலம் அம்மா அப்பாவைப் பிடி பிடி என்று பிடித்தாள். "தீர்ப்பையே உங்க கையில குடுத்தாராமே! போலேன்னு ஒத்த வார்த்தை. சொன்னா வாய் வெந்து போயிருமா? பெத்த புள்ள வாயில மண்ணப் போட்டுட்டு வந்து சோறு கேக்குறீங்களே!" அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் பக்கத்தில் போய் நின்று, "தம்பி, நான் வந்து..." என்றார். அண்ணன் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டான். அப்பா பின்னாலேயே போகவில்லை. போயிருக்கலாம், குழாயடி பத்தடிதான்.

அந்த வாரமே அண்ணன் நிபோங் திபாலுக்கு அத்தை வீட்டுக்குப் போய்விட்டான். பெரிய சாலை வரைக்கும் அவன் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "எப்பண்ணே வருவ?" என்றேன். "நீ போ பாப்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு," என்றான். அங்கே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியில் ஆளாகச் சேர்ந்து, பிறகு ஓட்டுநராகி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று அங்கேயே தங்கிவிட்டான். கோல்ஃப் என்ற சொல்லே அவன் வாயில் பிறகு வந்ததில்லை.

அப்பாவைக் கிளப்பில் மண்டோர், அதாவது மேஸ்திரி, ஆக்கினார்கள். நேர்மையான ஆள் என்று கேப்டன் விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்வாராம். வரிசை வீட்டில் பேச்சு வேறு மாதிரி: மகனை விற்று மண்டோர் ஆனான் என்று. குழாயடியில் என் காதுபடவே சொல்வார்கள். அம்மா சாகும் வரைக்கும் அப்பாவோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வேளைக்குச் சோறு போட்டாள், அவ்வளவுதான். அம்மா சாவுக்கு அண்ணன் வந்து காரியத்தை முடித்தான். அப்பா நின்ற பக்கம் திரும்பவில்லை.

நான் பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைக்குப் போனேன், கல்யாணம் ஆகி இந்தக் கரைக்கு வந்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதும் என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். நோய் நுரையீரலில். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு நாள் கட்டிலில் உட்கார வைத்து அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். காலம் முழுக்க ஈரப் புல்லில் நின்ற கால், நகமெல்லாம் பழுத்து மஞ்சளாக இருக்கும். திடீரென்று சொன்னார்:

"நான் கூடாதுன்னு சொல்லலம்மா."

"என்னாப்பா?"

"அன்னைக்கு. கேப்டன் கேட்டாரே. தடவிப் பாக்குறேன், ஒரு புல்லு பிய்யல. இந்தப் பயல அடிச்சிக்க முடியாது துவான், இந்த மாதிரி யாராலயும் முடியாதுன்னு சொல்ல வந்தேன். மலாய்ல எனக்கு அவ்ளோதான் வந்துச்சு. தா போலே."

நகவெட்டி என் கையில் அப்படியே நின்றது. நம் ஊரில் மலாய் பேசாதவர் யார்? அந்த ஒரு சொல்லில் நமக்கு இரண்டு சொல் அடங்கியிருப்பது உங்களுக்குத் தெரியாதா? முடியாது என்றாலும் தா போலே. கூடாது என்றாலும் தா போலே. அப்பா முடியாது என்றார், ஊர் கூடாது என்று எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் நான் கூட!

"ஏம்பா, அப்பவே திருத்திச் சொல்லியிருக்கலாமே?"

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அண்ணன் கிட்ட சொல்லு. அவன் தப்பா புரிஞ்சிகிட்டான். அதை மட்டும் சொல்லிரும்மா," என்றார்.

மறுநாளே பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு சொல்லால் வந்த வினை ஒரு சொல்லால் தீரப் போகிறது, அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். நிபோங் திபாலில் அவன் வீட்டு முன்னால் லாரிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சு, பாப்பா," என்றான்.

"என்னாண்ணே சொல்ற?"

"அம்மா மீன் குழம்பு வச்சா அவரு என்னா சொல்வாரு? அடிச்சிக்க முடியாதுன்னுதான? அதத்தான் மலாய்ல சொன்னாரு. மூஞ்சப் பாத்தா தெரியாதா? நான் அவரு மகன் லா."

"அப்புறம் ஏண்ணே இத்தனை வருஷம்..."

குழாயை மூடினான். "கேப்டன் தப்பா எடுத்துகிட்டாரு. சரி, அது அவரு தப்பில்ல. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பத்தான் அப்பாவுக்கு விளங்குச்சு. அந்த நேரத்த நான் பாத்தேன், பாப்பா. அவரு கண்ணு என் பக்கம் வந்துச்சு. அப்புறம் கை தட்டுறவங்க பக்கம் போச்சு. போயி, அங்கயே நின்னுருச்சு. சிரிச்சாரு."

"அவருக்கு மலாய் அவ்ளோ வராதுண்ணே."

"புக்கான், அது இல்லன்னு ஒரு வார்த்தை வராதா? இல்லன்னு தலையாட்ட மலாய் வேணுமா? எனக்குன்னு இருந்தது அது ஒன்னுதான். அவருக்கும் தெரியும்."

அப்பா ஜன்னல் பக்கம் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது. அண்ணி கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன், ருசி தெரியவில்லை.

"ரொம்ப நாளு தாங்க மாட்டாருண்ணே. ஒரு தடவ வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போ."

"கொள்ளி வைக்க வர்றேன். அது நான் செய்ய வேண்டியது. அதுக்கு முந்தி கூப்பிடாத."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தான். என் பைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தான். அப்பாவுக்கு என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, என் மகனை விட்டுத் தலையைச் சீவி வைத்திருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்பா."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னா சொன்னான்?"

நான் என்ன சொல்லட்டும்? அவன் சொன்னதில் எந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தால் இந்த மனிதர் தாங்குவார் என்று தேடினேன். "அவனுக்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சாம்பா," என்றேன். அவன் சொன்ன சொல்தான். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அப்பா என்னையே பார்த்தார். "அன்னைக்கேவா?" என்றார். "அப்படியா சொன்னான்?" முகம் அப்படியே இளகிப் போனது. "அப்ப என் மேல கோவம் இல்ல. பாத்தியா? நான்தான் பைத்தியக்காரன் மாதிரி இத்தனை வருஷம்... அவனும் என்னை மாதிரிதாம்மா, வாயத் தொறக்க மாட்டான்." சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் ஓடியது, துடைக்கவில்லை.

அப்படி இல்லைப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தானையால் அவர் காதோரத்தைத் துடைத்தேன்.

"வருவான்," என்றார். "கட்டிலக் கதவுப் பக்கமா திருப்பிப் போடும்மா."

திருப்பிப் போட்டேன்.